கழுவி வந்த டிபன் பாக்ஸ்

சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். நெமிலிச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நடந்தது இது. அப்போது நான் நசரத்பேட்டைப் பக்கம் உள்ள ஓர் இறையியல் கல்லூரியில் முதலாண்டு மாணவன். சாத்தூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் சொல்லப்போகும் நிகழ்ச்சி, தொடக்கம் முதல் முடிவு வரை, நான்கு மணி நேரம்கூட நீடித்திருக்காது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தவறின் அளவு விளங்காது.

நான் மேடையில் வளர்ந்தவன். பள்ளியில் பேச்சுப் போட்டி, கல்லூரியில் பட்டிமன்றம், விவாத மேடை. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இடமில்லாமல், பரிசுக் கோப்பைகளை அம்மா சமையலறை அலமாரியில் அரிசி டப்பாக்களுக்கு நடுவே அடுக்கி வைத்திருந்தார். எங்கே குரலைத் தாழ்த்தினால் கூட்டம் முன்னால் சாயும், எங்கே நிறுத்தினால் கைத்தட்டல் எழும் என்பதெல்லாம் எனக்கு மூச்சு விடுவதைப் போலப் பழகியிருந்தது. அப்பா என்னை வழக்கறிஞராகப் பார்க்க ஆசைப்பட்டார். நான் இறையியல் படிக்கப் போகிறேன் என்றதும் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. என் அழைப்பு உண்மையானது. அதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அழைத்தவர் என்னைப் பிரசங்க பீடத்துக்குத்தான் அழைத்தார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

கல்லூரியில் எனக்காக வேறொன்று காத்திருந்தது. காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஆராதனைக்குப் பிறகு, சுவரில் ஒட்டிய பட்டியலில் அவரவர் பெயருக்கு நேரே உள்ள வேலையைச் செய்ய வேண்டும். என் பெயருக்கு நேரே பெரும்பாலும் பாத்திரம் கழுவும் வேலைதான் இருந்தது. அறுபது பேர் சாப்பிட்ட சாம்பார் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும்போது என் கோப்பைகள் நினைவுக்கு வரும்.

அதைவிடக் கொடியது கிரேக்கப் பாடம். தமிழில் எவரையும் வாதத்தில் மடக்கிவிடலாம். கிரேக்க வினைச்சொல்லோடு வாதாட முடியாது. முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். விடைத்தாளை நான்காக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு அம்மா வழக்கம்போல் அழைத்தபோது, "எல்லாம் நல்லாப் போகுதும்மா" என்றேன். அன்று முதல் தினமும் அதையே சொன்னேன்.

ஞாயிறுதோறும் முதலாண்டு மாணவர்களைச் சுற்றுவட்டாரச் சபைகளுக்குப் பயிற்சிக்காக அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது நெமிலிச்சேரியில் ஒரு சிறிய சபை. தகரக் கூரை போட்ட கூடம். எழுபது பேர் வந்தால் நாற்காலி போதாது. வெளிவட்டச் சாலை வழியாகப் போகும் பேருந்தில் ஏறி எட்டு மணிக்குள் போய்ச் சேர்வேன். நாற்காலி போடுவேன், பாட்டுப் புத்தகம் கொடுப்பேன், காணிக்கைப் பை பிடிப்பேன். மைக் பக்கம் மட்டும் யாரும் என்னை விடவில்லை.

அந்த மைக்குக்கு ஒரு காவலர் உண்டு. நாற்பத்தைந்து வயதிருக்கும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தின் ஆபரேட்டர் என்று அறிமுகம் செய்திருந்தார்கள். ஸ்பீக்கர், வயர், மின்விசிறி எல்லாம் அவர் பொறுப்பு. நான் முதன்முதலாகப் போன அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவரும் அவரே. மைக்கை நான் பார்க்கும் பார்வையை அவர் கவனித்திருக்க வேண்டும். "இன்னா நைனா, அத்த அப்புடி லுக்கு உட்ற? கண்ணு பட்டு அவிஞ்சிடப் போவுது" என்று அடிக்கடி கேலி செய்வார்.

இந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின், மூடியில் துளை போட்டு வைத்திருக்கும். தங்களுக்காக ஜெபிக்க வேண்டியதைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஆராதனைக்கு முன் போதகர் சீட்டுகளைத் தனியே படித்துக்கொள்வார். ஜெப வேளையில், பெயர் எழுதியிருந்தால் பெயரை மட்டும் சொல்வார். இல்லையென்றால் "ஒரு சகோதரி", "ஒரு சகோதரர்" என்பார். அவ்வளவுதான். பிறகு அரை நிமிடம் கூடமே மௌனமாக இருக்கும். அடுத்த பெயர். மீண்டும் மௌனம். "சீட்டுல இருக்கிறது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தம்பி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கோ அந்த மௌனங்கள் வீணாகப் பட்டன. எழுபது பேர் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் பேசாமல் நிற்பதா என்று மனத்துக்குள் அங்கலாய்த்துக்கொள்வேன்.

குறிப்பிட்ட அந்த ஞாயிறன்று, போதகர் திருவிருந்து ஆராதனை நடத்துவதற்காக வேறொரு சபைக்குப் போக வேண்டியிருந்தது. பிரசங்கம் செய்ய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். சபைச் செயலாளர் பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்து, "விண்ணப்ப ஜெபம் நீங்க பண்ணிடுங்க பிரதர். ஐயா பண்ற மாதிரியே சுருக்கமா" என்றார். கடைசிச் சொல் என் காதில் ஏறவில்லை. மைக் காவலர் சிரித்துக்கொண்டே வந்து, தாங்கியின் திருகைத் தளர்த்தி, மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

"நம்ம மைக்குக்கு இன்னிக்கி நல்ல நேரம். பாத்து, அதுவும் வயசானது" என்றார்.

பக்கத்து அறையில் அமர்ந்து சீட்டுகளைப் பிரித்தேன். ஒன்பது சீட்டுகள். மகளின் பிரசவம், முழங்கால் வலி, தேர்வு என்று வழக்கமானவை. ஏழாவது சீட்டு மட்டும், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருந்தது.

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு வேலை போய் நாலு மாசம் ஆகுது. அவர் என்கிட்ட சொல்லல. தினமும் ஏழரை வண்டிக்குக் கிளம்பிப் போறார். முன்னெல்லாம் டிபன் பாக்ஸ் பருக்கை காஞ்சு போய் வரும். இப்ப கழுவி வருது. அதுலதான் கண்டுபிடிச்சேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. அவருக்காக ஜெபம் பண்ணுங்க."

முதல் சொல்லே "ஐயா" என்றுதான் இருந்தது. அது எனக்கு எழுதப்பட்டதன்று என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது. நான் அதைத் தாண்டிப் போனேன். வெட்கத்தோடு சொல்கிறேன்: அந்தச் சீட்டைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் அன்று. எவ்வளவு அருமையான செய்தி கையில் கிடைத்திருக்கிறது என்ற பூரிப்பு. பெயர்தான் இல்லையே, யாருடையதென்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பெயர் எழுதாத சீட்டுக்கு உரியவர் எவரும் இல்லை என்பது போல.

முதல் ஆறு சீட்டுகளையும் வேகமாக முடித்தேன். ஏழாவதில் குரலைத் தாழ்த்தினேன். நம் நடுவே ஒரு மனிதர் உண்டு ஆண்டவரே என்று தொடங்கினேன். ஏழரை வண்டியைச் சொன்னேன். இல்லாத வேலைக்குப் போகும் கால்களைச் சொன்னேன். அறிந்தும் அறியாதவள்போல் அடுப்பின் முன் நிற்கும் மனைவியைச் சொன்னேன். கூடத்தில் அங்கங்கே "ஆண்டவரே" என்ற முனகல் எழுந்தது. எனக்கு அது போதாதா? உச்சத்துக்குப் போனேன். "தங்கள் பாவத்தைக் கழுவச் சிலர் உம் சந்நிதிக்கு வருகிறார்கள், இந்த மனிதரோ, தம் பொய்யைக் கழுவத் தினந்தோறும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறார்" என்று சொல்லி நிறுத்தினேன்.

ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கக் கூடாது என்பது ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். என் சொல் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நான் திறந்தேன்.

கூடமே கண்ணை மூடியிருந்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டியின் அருகே, ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்திருந்தார். நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் காவலர்.

அவர் கோபமாகப் பார்த்ததாக நினைவில்லை. தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தால் திரும்பிப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பிறகு எழுந்தார். நாற்காலி சத்தமிடாமல் தூக்கி நகர்த்திவிட்டு, நிதானமாக வெளியே நடந்தார். பெண்கள் பக்கம் ஓர் அம்மா, முக்காடு நழுவுவதைக்கூடக் கவனிக்காமல், தலையைக் குனிந்தபடி அப்படியே இருந்தார்.

எட்டாவது, ஒன்பதாவது சீட்டுகளில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆராதனை முடிந்ததும் வழக்கமாகக் கைகுலுக்கிப் பேசுகிறவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். அந்த அம்மா எப்போது போனார் என்று கவனிக்கவில்லை. செயலாளர் மட்டும் அருகில் வந்தார்.

"இங்கேர்ந்து ஏழரை வண்டிக்குப் போறவங்க பத்து பேர் இருப்பாங்க பிரதர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதுல எஸ்டேட்டுக்கு டப்பா கட்டினு போறது அவர் ஒருத்தர்தான்" என்றார். பிறகு, "ஐயாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார்.

"நானே சொல்றேன்" என்றேன். "அவங்க வீடு எங்க இருக்கு?"

ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெரு. வழியெல்லாம் ஒரு மன்னிப்பு உரையைத் தயார் செய்துகொண்டே போனேன். அதிலும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பகுதிகள் இருந்தன. பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. அந்த அம்மா ஆராதனைக்குக் கட்டிய புடவையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஐயாவுக்கு எழுதுனேன் தம்பி. ஊருக்கு எழுதல" என்றார்.

என் மூன்று பகுதிகளில் முதல் பகுதி அங்கேயே போயிற்று.

"அவர்... வீட்டுக்கு வரலியா அக்கா?"

"வரல. போனும் எடுத்துகினு போவல. தோ, சார்ஜர்ல கீது." சுவரோரம் விரலைக் காட்டினார். அவர் கண் திரும்பிய பக்கம் சன்னலுக்கு வெளியே ரயில் பாதை இருந்தது. அந்தப் பார்வையில் இருந்ததை அவர் வாயால் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நீங்க ஏன் அவர்கிட்ட கேக்கவே இல்ல?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும் தகுதி எனக்கில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"இன்னான்னு கேக்குறது? காலைல எழுந்து ஷேவ் பண்ணிகினு, சட்டைய அயர்ன் பண்ணிகினு கிளம்புறாரு. அத்த ஒன்னுதான் கையில வச்சினு கீறாரு. அதையும் நான் புடுங்கிட்டா, காலைல எழுந்து இன்னா பண்ணுவாரு மனுசன்?"

நான்கு மாதமாக அந்த அம்மா பேசாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அந்த மௌனத்தால் ஒரு மனிதரைத் தினமும் காலையில் எழுப்பி நடக்க வைத்திருக்கிறார். நான் இரண்டு நிமிடப் பேச்சில் அதைக் கலைத்துப் போட்டிருந்தேன்.

அந்த அம்மா திடீரென்று உள்ளே போனார். அடுப்பின் மேலிருந்த கோழிக் குழம்பையும் சோற்றையும் மளமளவென்று டிபன் பாக்ஸில் அடைத்தார். பச்சை நிறப் பை ஒன்றில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"புடி. ஸ்டேஷன்ல பாக்கலாம். வேற எங்கயும் போவத் தெரியாது அவருக்கு."

ஐந்து நிமிட நடை. அவர் முன்னால் போனார். ஓட்டமும் நடையுமாக நான் பின்னால். ரயில்வே கேட்டை நெருங்கும்போது ஒரு விரைவு வண்டி நிற்காமல் கடந்து போனது. அது போய் முடியும் வரை அவர் என் கையைப் பிடித்திருந்தார். யார் கையைப் பிடித்திருக்கிறோம் என்ற நினைவே அவருக்கு இருந்திருக்காது.

நடைமேடையில் கூட்டமில்லை. கூரை முடிந்த பிறகும் நீளும் பகுதியில், கடைசி சிமெண்டுப் பலகையில், மைக் காவலர் உட்கார்ந்திருந்தார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா நின்றுவிட்டார். நீண்ட மூச்சு ஒன்று விட்டார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல் போய் அவர் பக்கத்தில் அமர்ந்தார்.

அவர் பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இன்னாமா, சண்டேல கூட டூட்டியா?"

"ஓவர்டைம்" என்றார் அந்த அம்மா.

இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர்தான் முதலில் கேட்டார்.

"எப்போத்துலருந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலருந்து."

"சொல்லிருக்கலாம் இல்ல?"

"நீ சொல்லிருக்கலாம் இல்ல?"

அவர் பையைத் தொட்டுப் பார்த்தார். "டப்பா கழுவுனதுலயா கண்டுகினே?"

"பதினாறு வருசம் கழுவாத மனுசன். மொத நாள் கழுவி வந்தப்பவே ஏதோ சரியில்லன்னு தோணிச்சு."

"எவ்ளோ நேரந்தான் சும்மா குந்தினு இருக்கிறது? எஸ்டேட்டுல ஒரு கம்பெனி பாக்கியில்லாம வேல கேட்டுட்டேன். அப்பால இங்க வந்து குந்திப்பேன். குழாய் இருந்துச்சு, கழுவுனேன். எதுனா ஒரு வேல செய்யணும்ல." சொல்லிவிட்டு உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் முதுகில் கை வைத்தார்.

கடைசியாக மைக் காவலர் என் பக்கம் திரும்பினார். நான் மன்னிப்பு உரையைத் தொடங்க வாயைத் திறந்தேன். ஆவடிப் பக்கமிருந்து ஒரு மின்சார ரயில் வந்து எதிர் நடைமேடையில் நின்று, ஆட்களை இறக்கி, கிளம்பிப் போனது. அது போன பிறகு எனக்கு ஒரு பகுதிகூட நினைவில் இல்லை.

"தப்புப் பண்ணிட்டேண்ணே" என்றேன்.

"இன்னாது? கேக்கல."

"தப்புப் பண்ணிட்டேன்."

"மைக்கு இல்லாங்காட்டி கொரலே வரல பாரு ஒனக்கு" என்றார். "குந்து. நின்னுகினே இருந்தா டிக்கெட் செக்கிங்குன்னு நெனச்சி ஜனங்க ஓடப் போவுது."

உட்கார்ந்தேன். அந்த அம்மா மூடியில் கொஞ்சம் சோறும் குழம்பும் வைத்து என்னிடம் நீட்டினார். வாங்கி ஒரு வாய் வைத்தேன். தேம்பிவிட்டேன். எந்த மேடையிலும் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

"இப்போ நீ இன்னாத்துக்கு அழுவுற? வேல போனது எனக்கு" என்றார் அவர்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கிரேக்கத் தேர்வைச் சொன்னேன். பெட்டியின் அடியில் நான்காக மடித்து வைத்த தாளைச் சொன்னேன். தினமும் ஆறு மணிக்கு அம்மாவிடம் சொல்லும் பொய்யைச் சொன்னேன். அந்த மூன்று மாதத்தில் நான் யாரிடமும் ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் வாயிலிருந்த கவளத்தை மென்று முடித்தார்.

"அப்போ நீயும் டப்பா தூக்கினு சுத்துற கேஸுதான்."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பிறகு அவர். பிறகு, கண்ணீரோடு, நான்.

"சிரிச்சிட்டேன்னு கோவம் பூட்ச்சுன்னு நெனைக்காத" என்றார் அவர் உடனே. "இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு எரியத்தான் எரியும். ஆனா நீ சர்ச்சுக்கு வராம மட்டும் இருந்துடாத. அப்புறம் என்னாலதான் நீ வரலன்னு இன்னொரு கதையக் கட்டிடுவானுங்க."

சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயை நோக்கி எழுந்தார். அந்த அம்மா எட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

"குடு. ஊட்ல கழுவிக்கலாம்."

எண்ணெய் வழிந்த டப்பாவை அப்படியே மூடிப் பைக்குள் வைத்தார். இருவரும் முன்னால் நடந்தார்கள். பை அவர் கையில் இருந்தது.

அன்று பிற்பகலே போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைத் தாங்குவது இன்னும் கடினமாக இருந்தது. பிறகு, டின்னை இனி நான் தொட வேண்டாம் என்றார். கல்லூரியில் பயிற்சிப் பொறுப்பாளரிடமும் நானே சொன்னேன். நாற்காலி, பாட்டுப் புத்தகம், காணிக்கைப் பை ஆகியவற்றோடு என் பணி மீண்டும் தொடங்கியது. மைக் காவலர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் வாரம், "அந்த வயரப் புடி" என்றார். எனக்கு அது பெரிய பதவியாகப் பட்டது.

அம்மாவிடமும் கிரேக்க மதிப்பெண்ணைச் சொன்னேன். "தெரியும்" என்றார்.

"எப்படிம்மா?"

"நல்ல மார்க்கு வாங்கியிருந்தா நீ நாலு நாளைக்கு அதையேல்ல சொல்லியிருப்ப. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

வீட்டில் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தவர்கள் நெமிலிச்சேரியில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழரை வண்டித் தோழர்களுக்கு விஷயம் தெரிந்த பிறகு, அவர்களில் ஒருவர் சொல்லிப் பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. எஸ்டேட் சம்பளம் இல்லை; ஆனால் பிரஸ் வேலைதான். "பாருங்க பிரதர், நீங்க பேசினதும் நல்லதுக்குத்தான்" என்று யாரோ என்னிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற அந்த அம்மா உடனே, "அதுக்காக தம்பி பண்ணது சரின்னு ஆயிடாது" என்றார். அவர் சொன்னதுதான் நியாயம். விளைவு நல்லதாகிவிட்டால் செயலும் நல்லதாகிவிட்டது என்று மேடையில் எளிதாக நிறுவிவிடலாம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிறுவ முடியாது.

முதலாண்டின் கடைசி ஞாயிறு. ஆராதனைக்கு முன் போதகர் பிஸ்கட் டின்னை என் கையில் வைத்தார். மைக்கின் திருகைத் தளர்த்தி இறக்கிக் கொடுத்தவர் அதே காவலர்தான். பக்கத்து அறையில் சீட்டுகளைப் பிரித்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று இருந்தது. பெயர் இல்லை. ஒரே வரி.

"டப்பா இப்ப கழுவாம வருது. ஸ்தோத்திரம்."

அதைப் படித்துவிட்டு மைக்கின் முன் வந்து நின்றேன். என் வாழ்நாளில் என் கைக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாக்கியம் அது. அதை வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தையே அழ வைத்திருக்க முடியும். "ஒரு சகோதரி, நன்றி சொல்லச் சொன்னார்" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறியின் ஓசை கேட்டது. தொலைவில் ஒரு வண்டி நிலையத்துக்குள் நுழைவது கேட்டது. எழுபது பேர் மூச்சு விடுவது கேட்டது. வீணான நேரம் என்று நான் நினைத்திருந்த அரை நிமிடத்துக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. இம்முறை கண்ணைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

இதை எழுதுவதற்கு முன் இருவரையும் நேரில் பார்த்துக் கேட்டேன். "பேர் போடாம எழுது" என்றார் அவர். "எழுதுறதுன்னா கழுவாத டப்பாவையும் சேத்து எழுது" என்றார் அந்த அம்மா. இப்போது நான் இரண்டாம் ஆண்டு. கிரேக்கத்தில் எப்படியோ தேறிவிட்டேன். விவாத மேடைகளும் விட்டுப் போகவில்லை. நன்றாகப் பேசினோம் என்ற செருக்கும் முழுதாகப் போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது தம் மனத்தில் இருப்பதை என்னை நம்பிச் சொல்லும்போதெல்லாம், அது என் பேச்சுக்குக் கிடைத்த பொருள் அன்று, மூடியைத் திறக்காமல் சுமந்து போக என் கையில் கொடுக்கப்பட்ட ஒருவருடைய சாப்பாடு என்பதை அந்தப் பச்சைப் பையின் கனம் இன்னும் என் கையில் உணர்த்திக்கொண்டே இருக்கிறது.